இப்னுந் நபீஸும் எமது வீட்டு றங்குப்பெட்டிகளும்

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் எமது பிள்ளைகள் மனித இதயத்தின் படத்தைப் பல தடவை வரைந்து பழகுகின்றனர். வலது இதயவறையிலிருந்து குருதி சுவாசப்பைக்குச் செல்கிறது. அங்கே காற்றைப் பெற்றுக்கொண்டு இதயத்தின் இடது பக்கத்துக்குத் திரும்புகிறது. பின்னர் அங்கிருந்து உடலெங்கும் போகிறது. தம்பலகாமத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு இந்தப் படத்துக்கு அம்புக்குறி போடும் பிள்ளைக்கு வில்லியம் ஹார்வியின் பெயர் தெரிந்திருக்கும். ஆனால், குருதி இதயத்திலிருந்து சுவாசப்பை வழியாக மீண்டும் இதயத்துக்கு வரும் பாதையைச் சரியாக எழுதிவைத்த முதல் மனிதர், நாம் பின்பற்றும் அதே ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்த ஓர் ஆலிம் என்பது தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு.

அவர்தான் அலாவுத்தீன் அபுல் ஹஸன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் அல்-குறஷீ. உலகம் அவரை இப்னுந் நபீஸ் என்று அழைக்கிறது. அவரைப் பற்றி இன்று எழுதுவதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டமஸ்கஸில் ஒரு மாணவர்

இப்னுந் நபீஸ் கி.பி. 1213ஆம் ஆண்டளவில் ஷாம் தேசத்தில் டமஸ்கஸ் நகருக்கு அண்மையில் பிறந்தார். அக்காலத்தில் டமஸ்கஸில் வைத்தியம் கற்பதென்றால் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் நாடினர். சுல்தான் நூருத்தீன் ஸங்கி 1154இல் கட்டிய நூரி பீமாரிஸ்தான்தான் அது. பீமாரிஸ்தான் என்றால் வைத்தியசாலை. நோயாளியைப் பார்ப்பதும், மருந்து தயாரிப்பதும், மாணவருக்குப் பாடம் நடத்துவதும் அங்கே ஒரே கூரையின் கீழ் நடந்தன.

அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் முஹத்தபுத்தீன் அத்-தக்வார். அந்தக் காலத்து ஷாமின் தலைசிறந்த வைத்தியர் அவர். 1230இல் மரணிக்கும்போது தமது வீட்டையே வைத்தியக் கல்லூரியாக வக்பு செய்துவிட்டுப் போனார். ஆசிரியரின் இந்தச் செயலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாணவரும் பின்னாளில் இதையே செய்யப்போகிறார்.

அதே ஆசிரியரிடம் பாடம் கேட்ட இன்னொருவர் இப்னு அபீ உஸைபிஆ. வைத்தியர்களின் வரலாற்றைத் தொகுத்துப் பெரிய நூலொன்றை எழுதியவர் அவர். நூற்றுக்கணக்கான வைத்தியர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் அதில் உள்ளன. ஆனால், தம்முடன் படித்த இப்னுந் நபீஸுக்கு அந்த நூலின் வழமையான பிரதிகளில் ஓர் இடமும் இல்லை. காரணம் என்னவென்று பலர் பலவிதமாக ஊகித்துள்ளனர். எப்படியோ, அவரை மறந்துவிடும் வேலை அவருடைய காலத்திலேயே தொடங்கிவிட்டது.

கெய்ரோவில் வைத்தியரும் ஆலிமும்

இளம் வயதிலேயே இப்னுந் நபீஸ் எகிப்துக்குச் சென்றார். எஞ்சிய வாழ்நாள் முழுவதும் கெய்ரோவில்தான் கழிந்தது. அது அமைதியான காலமல்ல. 1258இல் மங்கோலியர் பக்தாதை அழித்தனர். நூலகங்கள் நாசமாயின. இரண்டு ஆண்டுகளில், 1260இல், ஐன் ஜாலூத் போரில் மம்லூக்குகள் அந்தப் படையைத் தடுத்து நிறுத்தினர். அவ்வருடமே ஆட்சிக்கு வந்த சுல்தான் பைபர்ஸுக்கு இப்னுந் நபீஸ் வைத்தியரானார். எகிப்தின் வைத்தியர்களுக்கெல்லாம் தலைவர் என்ற பதவியும் அவருக்குக் கிடைத்தது.

அவருடைய இன்னொரு பக்கத்தையும் நாம் கவனிக்க வேண்டும். கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் அவர் ஷாபிஈ பிக்ஹு கற்பித்தார். அபூ இஸ்ஹாக் அஷ்-ஷீராஸீயின் அத்-தன்பீஹ் என்ற சட்ட நூலுக்கு விளக்கம் எழுதினார். ஹதீஸ் கலையின் அடிப்படைகள் பற்றியும் ஒரு சிறுநூல் எழுதினார். இமாம் ஸுப்கீ (ரஹ்) தொகுத்த ஷாபிஈ அறிஞர்களின் வரலாற்றில் இந்த வைத்தியருக்கும் இடமுண்டு. காலையில் நோயாளியின் நாடியைப் பார்த்த அதே கை, மாலையில் பிக்ஹுக் கிதாபைப் புரட்டியது. மார்க்கக் கல்வி வேறு, உலகக் கல்வி வேறு என்று சுவர் எழுப்பிக்கொண்ட எங்களுக்கு இது புதினமாகத் தெரியலாம். அவருக்கு அது சாதாரண வாழ்க்கை.

அவருடைய எழுத்து வேகத்தைப் பற்றிப் பல கதைகள் உள்ளன. எழுத உட்காரும்போது சீவிய பேனைகளைப் பக்கத்தில் குவித்து வைத்திருப்பாராம். ஒன்று மழுங்கினால் அதை எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பார். பேனை சீவும் நேரத்தைக்கூட அவர் வீணாக்க விரும்பவில்லை. ஒருநாள் ஹம்மாமில் குளித்துக்கொண்டிருக்கையில் நாடித்துடிப்பைப் பற்றி ஒரு யோசனை வந்ததாம். பாதிக் குளிப்பில் வெளியே வந்து, மையும் தாளும் கேட்டு வாங்கி, ஒரு சிறுநூலை எழுதி முடித்துவிட்டுத்தான் திரும்பவும் உள்ளே போனார் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கின்றனர்.

அஷ்-ஷாமில் என்ற பெயரில் முழு வைத்தியத்தையும் அடக்கும் ஒரு கலைக்களஞ்சியத்தை 300 பாகங்களில் எழுதத் திட்டமிட்டார். 80 பாகங்கள் முடிந்தன. இப்னு ஸீனாவின் அல்-கானூன் என்ற பெருநூலைச் சுருக்கி, மூஜஸ் என்ற கைநூலையும் எழுதினார். அது உலகெங்கும் பரவி, இந்தியாவின் யூனானிப் பாடசாலைகளிலும் பாடநூலாக இருந்தது. அவர் வாழ்நாளில் பெற்ற புகழில் பெரும்பகுதி இந்தச் சுருக்கத்தால் வந்தது. அவருடைய மிகப் பெரிய கருத்து இருந்ததோ வேறொரு நூலில்.

அந்த ஒரு பக்கம்

அல்-கானூனில் உடலமைப்புப் பற்றிய பகுதிகள் ஆங்காங்கே சிதறிக் கிடந்தன. அவற்றை ஒன்றுசேர்த்து விளக்கம் எழுதினார் இப்னுந் நபீஸ். ஷரஹ் தஷ்ரீஹ் அல்-கானூன் என்பது அதன் பெயர். 1242ஆம் ஆண்டளவில் அந்நூல் இருந்திருக்கிறது. அப்போது அவருக்கு வயது 30ஐ ஒட்டித்தான்.

ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் நம்பியது கிரேக்க வைத்தியர் ஜாலினூஸின் கருத்தை. இதயத்தின் வலது அறையையும் இடது அறையையும் பிரிக்கும் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அவற்றின் வழியாகக் குருதி கசிந்து இடது பக்கம் போகிறது என்பதே அக்கருத்து. இப்னு ஸீனாவும் இதயத்தைப் பற்றிய விடயத்தில் பெரும்பாலும் பழையவர்களின் வழியிலேயே சென்றார். இவ்விரு பெயர்களுக்கும் எதிராகப் பேசுவது அக்காலத்தில் எளிதான காரியமல்ல.

இப்னுந் நபீஸ் மறுத்தார். அந்தச் சுவர் தடிப்பானது, அதில் கண்ணுக்குத் தெரிந்த துளையும் இல்லை, தெரியாத துளையும் இல்லை என்று எழுதினார். ஆகவே, வலது பக்கக் குருதி இன்று நாம் சுவாசப்பை நாடி என்று சொல்லும் குழாய் வழியாகச் சுவாசப்பைக்குப் போய், அங்கே பரவிக் காற்றுடன் கலந்து, சுவாசப்பை நாளத்தின் வழியாக இடது அறைக்கு வந்தாக வேண்டும் என்றார். இதயத்துக்கு மூன்று அறைகள் என்ற கருத்தையும் தவறென்று சொன்னார். இதயத்தின் தசைக்குப் போஷாக்கு, அதன் உடலில் ஓடும் குழாய்கள் மூலமே கிடைக்கிறது என்பதும் அவருடைய முடிவு.

மார்க்கச் சட்டமும் தமது இரக்க மனமும் உடலை அறுத்துப் பார்ப்பதிலிருந்து தம்மைத் தடுத்ததாக அந்நூலின் முன்னுரையில் அவர் குறிப்பிடுகிறார். அவர் எழுதியிருக்கும் நுணுக்கத்தைப் பார்த்துவிட்டு இதை நம்பத் தயங்கும் ஆய்வாளர்களும் உண்டு. எதுவாயினும், உறுப்பின் அமைப்புக்கும் அதன் தொழிலுக்கும் பொருந்தாத ஒன்றை, யார் சொல்லியிருந்தாலும் அவர் ஏற்கவில்லை. இப்னு ஸீனாவை மதித்து அவருடைய நூலுக்கு விளக்கம் எழுதியவர்தான், அவருடைய தவறையும் அதே விளக்கத்தில் எழுதினார். அதில் அவர் அதபை மீறவில்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரத்த ஓட்டம் முழுவதையும் இப்னுந் நபீஸ் கண்டுபிடித்தார், மேற்குலகம் திருடிவிட்டது என்று சமூக ஊடகங்களில் பதிவுகள் உலாவுகின்றன. அவர் கண்டது இதயத்துக்கும் சுவாசப்பைக்கும் இடையிலான ஓட்டத்தை. குருதி உடல் முழுவதும் சுற்றி மீண்டும் இதயத்துக்கே வருகிறது என்பதை அளந்து பார்த்து நிறுவியவர் ஹார்வி. அவருடைய நூல் வந்தது 1628இல். அதற்கு முன்னரே, 1553இல் மைக்கேல் செர்வெட்டஸும் 1559இல் ரியல்டோ கொலம்போவும் சுவாசப்பை வழியான பாதையைப் பற்றி எழுதிவிட்டனர். இப்னுந் நபீஸின் வேறொரு விளக்கவுரையின் பகுதியொன்று, டமஸ்கஸில் நீண்ட காலம் வாழ்ந்த அண்ட்ரியா அல்பாகோவின் மொழிபெயர்ப்பில், 1547இல் வெனிஸ் நகரில் இலத்தீனில் அச்சேறியது. ஆயினும், அந்த ஐரோப்பியர்கள் இப்னுந் நபீஸின் கருத்தை அறிந்திருந்தார்களா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. அவருடைய பெருமைக்கு மிகைப்படுத்தல் தேவையில்லை. செர்வெட்டஸுக்கு 300 ஆண்டுகள் முந்தி எழுதினார் என்பதே போதும்.

ஒரு வீடும் ஒரு நூலகமும்

சுல்தான் கலாவூன் 1284இல் கெய்ரோவில் மன்ஸூரி வைத்தியசாலையைக் கட்டி முடித்தார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் அங்கே இருந்தன. ஏழை, பணக்காரர் என்ற பேதமின்றி நோயாளிகளை ஏற்றுக்கொள்ள வக்பு ஏற்பாடுகள் செய்யப்பட்டன. வயோதிபத்தை அடைந்திருந்த இப்னுந் நபீஸின் மனம் அந்த வைத்தியசாலையில் ஒட்டிக்கொண்டது.

ஹிஜ்ரி 687, துல்கஃதா மாதத்தில் அவர் நோய்வாய்ப்பட்டார். கி.பி. 1288 டிசம்பர் மாதம் அது. உடன் இருந்த வைத்தியர்கள் மருந்தாகக் கொஞ்சம் மது அருந்தும்படி ஆலோசனை கூறினர். வயிற்றில் மதுவுடன் அல்லாஹ்வைச் சந்திக்கத் தமக்கு விருப்பமில்லை என்று கூறி அவர் மறுத்துவிட்டார். சில நாட்களில் வபாத்தானார். அவர் திருமணம் செய்திருக்கவில்லை. வீட்டையும், சொத்தையும், வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் மன்ஸூரி வைத்தியசாலைக்கே வக்பு செய்திருந்தார். ஆசிரியர் தக்வாரின் வழியில் மாணவரும் சென்றார்.

பேர்லினில் கிடந்த கிதாபு

அதன் பிறகு என்ன நடந்தது? நூல் அழியவில்லை. பிரதி எடுக்கப்பட்டது. அடுத்த நூற்றாண்டில் ஓரிருவர் அந்தக் கருத்தை எடுத்தும் எழுதினர். பின்னர் அது அலுமாரிகளுக்குள் அடங்கிவிட்டது. மூஜஸைப் படித்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். இதயத்தைப் பற்றிய அந்தப் பக்கத்தைப் படித்தவர்கள் மிகச் சிலர்.

ஏறக்குறைய 700 ஆண்டுகள் கழித்து, எகிப்திலிருந்து ஜேர்மனிக்குப் படிக்கச் சென்ற முஹ்யித்தீன் அத்-ததாவீ என்ற இளம் வைத்தியர், பேர்லின் அரச நூலகத்தில் இருந்த கையெழுத்துப் பிரதியொன்றைப் படித்தார். 1924இல் பிரைபேர்க் பல்கலைக்கழகத்தில் அதைப் பற்றித் தமது ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அந்த ஆய்வேடு அப்போது அச்சில் வரவில்லை. கெய்ரோவில் வாழ்ந்த ஜேர்மன் யூதரான கண் வைத்தியர் மக்ஸ் மயர்ஹோவ் அதன் பெறுமதியை உணர்ந்து, பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்து, 1930களில் உலகுக்கு எடுத்துச் சொன்னார். அதன் பின்னரே வைத்திய வரலாற்றில் ஒரு அத்தியாயம் திருத்தி எழுதப்பட்டது. எகிப்து முஸ்லிம் ஒருவரும் ஜேர்மன் யூதர் ஒருவரும் சேர்ந்துதான் இப்னுந் நபீஸை எங்களுக்கு மீட்டுத் தந்தனர்.

எமது கரைக்கும் வந்த கிதாபுகள்

இதெல்லாம் எங்கோ கெய்ரோவிலும் பேர்லினிலும் நடந்த கதை, எங்களுக்கு என்ன என்று கேட்கலாம். எமது திருகோணமலையில் நிக்கல்சன் குடாவில் கிடைத்த பழைய அரபுக் கல்லறைக் கல்வெட்டு, ஒரு தலைவரின் மகளுக்குரியது. அவருடைய பெயர் அல்-ஹலபீ என்று முடிகிறது. ஹலப் என்றால் அலெப்போ. இப்னுந் நபீஸ் பிறந்த அதே ஷாம் தேசத்து நகரம். அந்தத் தேசத்து மனிதர்கள் எமது துறைமுகம் வரை வந்திருக்கின்றனர்.

கிதாபுகளும் வந்தன. இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன், றோயல் ஆசியக் கழகத்தின் 1827ஆம் ஆண்டு வெளியீட்டில் வந்த கடிதமொன்றில் இதனைப் பதிவுசெய்துள்ளார். இப்னு ஸீனாவின் வைத்திய நூலையும், அரிஸ்டோட்டில், ஜாலினூஸ் போன்றோரின் அரபு மொழிபெயர்ப்புகளையும் இலங்கை முஸ்லிம்களின் முன்னோர் பக்தாதிலிருந்து கொண்டுவந்திருந்தனர். அந்நூல்கள் பல நூறு ஆண்டுகள் குடும்பங்களில் இருந்தன. பின்னர் வறுமை வந்தபோது, கிழக்குத் தீவுகளுடன் வியாபாரம் செய்தவர்களுக்கு அவற்றை விற்றுவிட்டனர். நூல்களிலிருந்து எடுத்த பகுதிகளை மட்டுமே ஜோன்ஸ்டனிடம் காட்ட முடிந்தது.

1806இல் சுதேச வைத்தியப் பகுதியின் மேற்பார்வையாளராகத் தாம் நியமித்த மீரா லெப்பை மேஸ்திரியாரைப் பற்றியும் அதே கடிதத்தில் அவர் எழுதுகிறார். பரம்பரை பரம்பரையாக வைத்தியம் செய்த குடும்பம் அது. அவரிடமிருந்த வைத்திய நூல்கள் 700, 800 ஆண்டுகளாகக் குடும்பத்தில் இருந்தவை என்று கருதப்பட்டன.

இப்னுந் நபீஸ் விளக்கம் எழுதியது எந்த நூலுக்கோ, அந்த அல்-கானூனின் ஆசிரியர் எழுதிய வைத்தியம் இந்தத் தீவில், எமது முன்னோரின் வீடுகளில் இருந்திருக்கிறது. இன்று அவற்றில் எதை நாம் கையில் எடுத்துக் காட்ட முடியும்?

எங்கள் வீட்டுப் பெட்டி

இனி என் சொந்தக் காரணத்தைச் சொல்கிறேன். எங்கள் மூத்தாப்பா ஊரில் பரிசாரியாக இருந்தவர். முறிவு, செங்கமாரி, பிள்ளைகளின் கிரந்தி என்று வயல் வேலைக்காரரும் வள்ளக்காரரும் அவரைத் தேடி வருவார்கள். தமிழரும் வருவார்கள், சிங்களவரும் வருவார்கள். அவருடைய றங்குப்பெட்டிக்குள் அரபுத் தமிழில் எழுதிய வாகடக் கொப்பிகளும், மஞ்சளித்துப்போன அரபுக் கிதாபுகள் சிலவும் இருந்தன. தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. திரும்பி வந்தபோது கூரை இல்லை. பெட்டிக்குள் மழைத் தண்ணீரும் கறையானும்தான். ஆனாலும் ஓரிரு கொப்பிகள் பாதியளவில் மிஞ்சியிருந்தன.

அவற்றை அழித்தது யுத்தமல்ல, நாங்கள்தான். அரபு எழுத்தாக இருந்ததால் காலில் படக்கூடாது என்று, பழுதடைந்த குர்ஆன் பிரதிகளுடன் சேர்த்து அடக்கம் செய்வதற்காகப் பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிட்டோம். அதைச் செய்தவர்கள் பக்தியோடுதான் செய்தார்கள். அது குர்ஆனா, ஹதீஸா, மருந்துக் குறிப்பா என்று ஓர் ஆலிமிடம் காட்டி வாசிக்கச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்படிப்பட்ட கதை தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கும்.

பேர்லின் நூலகத்தில் இருந்த பிரதியை நினைத்துப் பாருங்கள். நூற்றாண்டுக்கணக்கில் அதன் பெறுமதி யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் அதை யாரோ பாதுகாத்து வைத்திருந்தார்கள். அதனால்தான் ஒரு மாணவர் வந்து படிக்க முடிந்தது. எங்கள் மூத்தாப்பாவின் கொப்பியில் இப்னுந் நபீஸின் கண்டுபிடிப்பைப் போன்ற ஒன்று இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அதில் என்ன இருந்தது என்பது இனி ஒருவருக்கும் தெரியாது. அதுதான் என் கவலை.

என்ன செய்யலாம்?

பெரிய நிதியோ கட்டடமோ வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வீட்டில் பழைய கையெழுத்துக் கிதாபு இருந்தால் முதலில் ஈரமில்லாத இடத்தில் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் டேப் ஒட்டவோ லேமினேட் பண்ணவோ வேண்டாம். பகல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். யாருடைய கிதாபு, எந்த ஊர், யாரிடமிருந்து வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடக்கம் செய்யவென்று வரும் சாக்குகளை, அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆலிம் ஒருவர் ஒரு தடவை பார்த்த பிறகு அடக்கம் செய்யுங்கள். தமிழ் பேசும் சமூகங்களின் ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் நூலகம் நிறுவனம் இருக்கிறது. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் யூனானி வைத்தியம் கற்பிக்கிறார்கள். அசலைக் கையை விட்டுக் கொடுக்க மனமில்லாவிட்டால் பிரதியையாவது கொடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். பழைய கிதாபில் இருக்கிறதென்று மருந்தை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். பாதரசம் போன்ற நச்சுப் பொருட்கள் சேர்ந்த மருந்துகளும் பழைய வைத்தியத்தில் உண்டு. அவை ஆராய்வதற்கு உரியவை. தகுதியான வைத்தியரின் பார்வையின்றி உட்கொள்வதற்கு உரியவை அல்ல. எழுதியிருக்கிறது என்பதற்காக மட்டும் ஒன்றை ஏற்காதவர்தான் இப்னுந் நபீஸ் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அவர் தமது நூல்களை வைத்தியசாலைக்கு வக்பு செய்தது, தமக்குப் பின் வருபவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காக. எமது வீடுகளில் எஞ்சியிருப்பவற்றையும் அடுத்த தலைமுறை படிக்கும் வகையில் விட்டுச் செல்வோம். பயனளிக்கும் கல்வி, மரணத்தின் பின்னும் நன்மை வந்து சேரும் காரியங்களில் ஒன்று. அல்லாஹ் அந்த வைத்தியரின் பணிகளை ஏற்றுக்கொள்வானாக. எமது முன்னோர் விட்டுச் சென்றதைப் பேணும் பொறுப்புணர்வை எமக்கும் தருவானாக.

- தம்பலகாமத்திலிருந்து ஒரு வாசகர்